நேற்றைய காற்று

கோணேசர் துணை

துறைமுக வீதி,
திருகோணமலை.
12.02.2024

அன்புப் பேத்தி தர்சிகாவுக்கு,

முழங்கால் ஒன்றுதான் சொல்வழி கேட்கிறதில்லை. மற்றும்படி அம்மம்மா சுகம். ஒல்லாந்துக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய்? எனக்குப் போன காது உனக்கும் போகக் கூடாது. நீ போனில் கதைப்பது எனக்கு இரைச்சலாகத்தான் விழுகிறது. உன் முகத்தைப் பார்த்துச் சும்மா தலையாட்டுகிறேன். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை உன் அம்மா ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: “தர்சிகாவின் பெயர் நட்சத்திர மென்பொருளில் வந்திருக்கு.” அதில் எனக்கு விளங்கியது உன் பெயர் மட்டும். அது போதும் என்று புறப்பட்டுவிட்டேன். மீன் சந்தையில் சொன்னேன். கோயிலில் சொன்னேன். பக்கத்து வீட்டு ஸல்ஹாவுக்கு இரண்டு தரம் சொன்னேன். “அப்ப உங்கட பேத்தி நட்சத்திரம் செய்யிறாவோ?” என்று என் காதுக்குள் கத்தினாள். “ஓம்” என்று சொல்லிவிட்டேன். பிழையோ?

மீனவர் சங்கத்துக்கும் போனேன். முந்தி நான் நாள்தோறும் வானிலை எழுதிய பலகை இன்னும் அதே சுவரில்தான் கிடக்கிறது. இப்போது எழுதுவது டிலக்சனா என்ற பிள்ளை. நல்ல பிள்ளைதான், ‘ழ’ மட்டும் அவளுக்கு வளையுதில்லை. வீரக்குட்டி அண்ணை, மீனுக்கு ஐஸ் போடுகிற ஐஸ் வாடி வாசலில் இருந்தார். அவருக்கு மட்டும் சொல்லவில்லை. அவருக்கு இதெல்லாம் விளங்காது.

நீ செய்கிற வேலை என்னவென்று எனக்கு விளங்கும்படி எழுது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கேற்ற மாதிரி எழுது.

கோணேசர் உன்னைக் காக்கட்டும்.
அம்மம்மா


ஒல்லாந்து
05.03.2024

என் அம்மம்மாவுக்கு,

காது மூடும் தொப்பியோடுதான் திரிகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், சோறு கிடைக்காத நாளில் மட்டும் கோபம் வருகிறது. முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா?

ஸல்ஹா மாமிக்கு நீங்கள் சொன்னது பாதி சரி. ஒரு நட்சத்திரம் பிறந்து கிழடாகிப்போகக் கோடிக்கணக்கான வருசமாகும். இருந்து பார்க்க ஒருவருக்கும் ஏலாது. அதனால் கணினிக்குள் ஒன்றைச் செய்கிறோம். வெங்காயத்தைப் போலத் தோல் தோலாகப் பிரித்து, ஒவ்வொரு தோலிலும் எவ்வளவு சூடு, எவ்வளவு அமுக்கம், எது எரிகிறது என்று கணக்குப் போடுவோம். பிறகு காலத்தில் ஒரு அடி முன்னால் வைப்போம். ஒரு அடி சிலவேளை பத்து இலட்சம் வருசம், சிலவேளை ஒரே ஒரு நாள். கணக்குச் சரிவராவிட்டால் மென்பொருள் தானாகவே பின்னுக்கு வந்து சின்ன அடியாக வைக்கும். படி இறங்கும்போது நீங்கள் காலை வைத்து, திரும்ப எடுத்து, மெல்ல வைப்பீர்களே, அதேதான்.

இந்த மென்பொருள் ஒருவருக்கும் சொந்தமில்லை. யாரும் எடுத்துப் பாவிக்கலாம். உள்ளே திறந்து ஒவ்வொரு வரியையும் வாசிக்கலாம். திருத்தியும் எழுதலாம். எழுதியதை மற்றவர்கள் பார்த்துச் சரி என்றால் சேர்ப்பார்கள். நான் எழுதிய பகுதி எது தெரியுமா? காற்று! நட்சத்திரத்திலும் காற்று இருக்கிறது அம்மம்மா. வயது போன நட்சத்திரம் தன் வெளித்தோலைக் காற்றாக ஊதிவிடும். எவ்வளவு ஊதும் என்று கணிக்கிற நூற்றுநாற்பது வரிகள் என்னுடையவை.

நான் காற்றுக்குப் போனது உங்களால்தான். ஐந்து வயதில் சங்கத்துக் கதிரையில் ஏறிநின்று நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் சொல் ‘காற்று’. நாளைக்கு வரப்போகிறதை இன்றைக்கு எழுதி வைக்கலாம் என்பதே எனக்கு உங்கள் பலகையில்தான் தெரிய வந்தது.

இன்னொன்று. இதைப் பராமரிக்கிற பொறுப்பாளர் குழுவில் என்னையும் சேர்க்க யோசிக்கிறார்களாம். செப்ரெம்பரில்தான் முடிவு. ஊரில் சொல்லிவிடாதீர்கள்.

வீரக்குட்டித் தாத்தாவுக்கு ஏன் சொல்லவில்லை? அவர் எனக்கு இறால் பிடித்துத் தந்தவர். அவர் வந்தால் நீங்கள் றோட்டின் மற்றப் பக்கம் மாறுவதும் எனக்கு நினைவிருக்கிறது. ஏன் அம்மம்மா?

முத்தங்களோடு,
தர்சிகா


கோணேசர் துணை

திருகோணமலை
28.03.2024

என் கெட்டிக்காரப் பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். சுகத்துக்கு ஒரு குறையுமில்லை. எண்ணெய் பூசுகிறேன்.

சமைக்கும்போது வெங்காயத்தை வெட்டாமல் தோல் தோலாக உரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஸல்ஹா வந்து, “என்ன யோகமலரக்கா, குசினிக்குள்ள அழுகையோ?” என்றாள். “பேசாமல் இரு, நட்சத்திரம் பார்க்கிறன்” என்றேன். பிறகு அவளுக்கு முழுவதும் விளங்கப்படுத்தினேன். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். “சும்மாவோ குடுக்கினம்? உலகம் முழுக்கவோ? பிறகு அதை ஆர் பார்க்கிறது?” எங்கள் ஒழுங்கையின் பொதுக் கிணற்றைக் காட்டினேன். அள்ளுகிறவர்கள்தானே வருசத்துக்கு ஒருக்கால் இறைத்துத் துப்புரவாக்குகிறார்கள்? அவள் மிச்ச வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் முகம் தெரியாமல் இப்படிக் கூடி வேலை செய்வதை நினைக்க எனக்கு மனம் நிறைந்துபோகிறது. எங்கள் ஒழுங்கையில் நாற்பது வீட்டுக்கு ஒரு கிணறு இறைக்க எவ்வளவு சண்டை!

குழுவில் சேர்க்கப்போகிறதை ஊரில் சொல்லாதே என்றாய். சொல்லவில்லை. ஸல்ஹாவுக்கு மட்டும் சொன்னேன். அவள் மருந்துக்கடை ஸெய்னுதீனுக்குச் சொல்லியிருக்கிறாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

இங்கே நல்ல வெயில். மாங்காய் பிடித்திருக்கிறது.

உன்னை நினைத்து நிமிர்ந்து நடக்கும்,
அம்மம்மா


ஒல்லாந்து
10.06.2024

அன்பு அம்மம்மா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் சரியில்லை. அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

என் காற்றுப் பகுதியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். நானே எழுதிய பிழை. நட்சத்திரம் ஒரு அடி முன்னால் வைத்ததும் அந்த அடிக்குரிய சூட்டை எடுத்துக் காற்றைக் கணிக்க வேண்டும். என்னுடைய வரி முந்தின அடியின் சூட்டை எடுக்கிறது. விளங்குகிறதா? நேற்றைய காற்றை இன்றைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். சின்ன அடியில் வித்தியாசம் தெரியாது. ஆனால் வயது போன நட்சத்திரம் சட்டென்று மாறுகிற இடத்தில் எல்லாம் பிழைத்துப்போகிறது.

எட்டு மாதமாக அது உள்ளே கிடக்கிறது. ஐந்து நாட்டு ஆட்கள் அதை நம்பி வேலை செய்திருக்கிறார்கள். ஒருவரும் இன்னும் கவனிக்கவில்லை. செப்ரெம்பரில் என்னைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். இப்போது நானே பிழை என்று சொன்னால் யார் சேர்ப்பார்கள்? என்னுடைய ஆராய்ச்சியின் பாதியும் இதன் மேல்தான் நிற்கிறது.

வேறு நாலு திருத்தங்களோடு சேர்த்து, பிழை என்று சொல்லாமல் மாற்றிவிடவும் என்னால் ஏலும். கேட்டால் சின்னத் துப்புரவு வேலை என்று சொல்லலாம்.

இருபது வருசம் ஊருக்கே காற்று எழுதியவர் நீங்கள். உங்களைத் தவிர ஆரிடம் கேட்க? என்ன செய்யட்டும்?

தர்சிகா


திருகோணமலை
27.06.2024

தர்சிகா,

நான் சுகம். நீ யோசித்து உடம்பைக் கெடுக்காதே.

அழித்துவிட்டுச் சரியாக எழுது. ஒருவருக்கும் சொல்லாதே. கண்டவர் இல்லையென்றால் பிழையும் இல்லை. கஷ்டப்பட்டுப் படித்து அங்கே போயிருக்கிறாய். அதை உன் வாயால் கெடுக்காதே.

அம்மம்மா


ஒல்லாந்து
14.07.2024

அன்பு அம்மம்மாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று கிடைத்தது. சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து அப்படிச் சொல்லவில்லை. கோணேசரைக்கூட மேலே எழுதவில்லை.

உங்கள் பதில் வரும்வரை எனக்குப் பொறுக்க ஏலவில்லை. போன மாதம் இருபதாம் திகதியே சொல்லிவிட்டேன். எல்லாரும் வாசிக்கிற பொதுப் பக்கத்தில், என் பெயரைப் போட்டு: இந்தத் திகதியிலிருந்து இந்தக் கணக்குப் பிழை, எழுதியவர் நான், சரியான வரி இது.

அம்மம்மா, இதில் அழிக்கிறது என்ற வேலையே இல்லை. பழைய வரி, புதிய வரி, எழுதியவர் பெயர், மணி, நிமிடம் எல்லாம் அப்படியே இருக்கும். இன்னும் ஐம்பது வருசம் கழித்து ஒருவர் திறந்தாலும் என் பிழை அங்கே கிடக்கும். முதல் இரண்டு நாள் அதை நினைத்து நினைத்து அழுதேன்.

மூன்றாம் நாள் பிரேசிலில் இருந்து ஒருவர் எழுதினார். மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்ய வேண்டுமாம். கோபம்தான். ஆனால் கடைசி வரியில், “ஏன் சரிவரவில்லை என்று என்னையே குறை சொல்லிக்கொண்டு இருந்தேன், இப்போதுதான் நிம்மதி” என்று இருந்தது. அதை வாசித்த பிறகு நான் அழவில்லை. என் பிழையை அந்த மனிசன் இவ்வளவு நாளும் தன்னுடைய பிழை என்று சுமந்திருக்கிறார், பார்த்தீர்களா?

நீங்கள் அழிக்கச் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவேயில்லை. கோபமில்லை. ஏன் என்று மட்டும் தெரிய வேண்டும்.

தர்சிகா


ஒல்லாந்து
08.09.2024

அம்மம்மா,

எட்டுக் கிழமையாக உங்களிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. சாப்பிடுகிறார், நடக்கிறார், ஒருவரோடும் கதைக்கிறார் இல்லை என்று அம்மா சொல்கிறா. என் கடிதத்தில் ஏதும் பிழையாக எழுதிவிட்டேனா? எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஓகஸ்டில் இந்த மென்பொருளைப் படிக்கப் பதினெட்டு நாட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். நானும் கற்பித்தேன். முதல் பாடமாக என் பிழையைத்தான் திறந்து காட்டினேன்.

ஒரு வரி எழுதினாலும் போதும்.

தர்சிகா


கோணேசர் துணை

திருகோணமலை
30.09.2024

என் தர்சிகாவுக்கு,

நீ ஒரு பிழையும் எழுதவில்லை. முழங்கால் இருந்தபடிதான். சோறு இறங்குகிறது. அந்தப் பிரேசில் மனிசன்தான் என்னைத் தூங்கவிடுகிறான் இல்லை.

2002 கார்த்திகை. ஸல்ஹாவின் தங்கச்சி சுஹைராவுக்கு மூதூரில் கலியாணம். அப்போது பாலங்கள் இல்லை, மோட்டார் லோஞ்சில்தான் குடாவைக் கடக்க வேண்டும். ஏழு மணி லோஞ்ச். ஒவ்வொரு நாளும் விடிய ஐந்தரைக்கு றேடியோவில் வானிலை கேட்டுத்தான் பலகையில் எழுதுவேன். அன்றைக்குக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சேலைக்குக் கொசுவம் பிடித்துக்கொண்டு இருந்தேன். றேடியோ போடவில்லை. நாலு நாளாக ஒரே மாதிரித்தானே சொல்கிறார்கள் என்ற எண்ணம். சங்கத்துக்குப் போய், முதல் நாள் எழுதிய ‘காற்று குறைவு, கடல் அமைதி’ என்பதை அப்படியே விட்டுவிட்டுத் திகதியை மட்டும் மாற்றினேன்.

வீரக்குட்டி அண்ணை வந்தார். எல்லாருக்கும் முதல் தொழிலுக்குப் போகிறவர் அவர். எழுத்து வாசிக்கத் தெரியாது. நாள் தவறாமல் கேட்பார்: “இண்டைக்கு என்ன போட்டிருக்கு, தங்கச்சி?”

“கடல் அமைதி, அண்ணை.”

“சேலை வடிவாய்க் கிடக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறங்குதுறைக்குப் போனால் லோஞ்ச் ஓடாது என்றார்கள். பெரிய வாடைக்காற்று வருகிறதாம், ஐந்தரைக்கே றேடியோவில் சொன்னார்களாம். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். வானம் கறுத்ததைக் கண்டு மற்றவர்கள் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். அவருடைய வள்ளம் மட்டும் போயிருந்தது. எழுத்துப் பிழைக்காது என்று நம்பியவர் அவர் ஒருவர்தான். சங்கத்தில் ஒருவரும் இல்லை. ஈரத்துணியால் அழித்தேன். ‘வாடை பலம், தொழிலுக்குப் போக வேண்டாம்’ என்று எழுதினேன். என் சீவியத்தில் அவ்வளவு வடிவாக நான் ஒன்றும் எழுதியதில்லை.

மூன்றாம் நாள் திரியாய்க் கரையில், உடைந்த பலகை ஒன்றைப் பிடித்தபடி ஒதுங்கினார். உயிர் தப்பியது, வள்ளம் போய்விட்டது. சங்கக் கூட்டத்தில், “யோகமலர் அமைதி எண்டு வாசிச்சவ” என்று சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “நான் எழுதினது பலகையில இருக்கு, பாருங்கோ” என்றேன். சிரித்தார்கள். “வாசிக்கத் தெரியாதவன் பலகையைக் குறை சொல்லுறான்” என்றார்கள். எச்சரிக்கையை மீறிப் போனவர் என்று சொல்லி, புது வள்ளத்துக்குச் சங்கம் அவருக்கு உதவவில்லை. பிறகு அவர் ஐஸ் தூக்கப் போனார். இன்றைக்கும் சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் ‘பலகை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அன்றைக்குப் பிறகு அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. கண் தெரியவில்லை என்று சொல்லி நான் பலகை எழுதுவதை விட்டேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

என்னைப் பார்த்துக் காற்றுக்குப் போனேன் என்று எழுதினாயே பிள்ளை. நீ என்னைவிட எவ்வளவோ உயரத்தில் நிற்கிறாய். நான் இருபத்திரண்டு வருசம் செய்யாததை நீ பத்து நாளில் செய்தாய். பதில் எழுது, எழுதாமல் விடு. உன் விருப்பம்.

அம்மம்மா


ஒல்லாந்து
20.10.2024

என் அம்மம்மாவுக்கு,

எழுதாமல் விடுவேனா? உங்கள் கடிதத்தைப் பிரித்த கையோடு எழுதுகிறேன். நான் சுகம். உங்களுக்குத் தூக்கம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் வீரக்குட்டித் தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது. அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் போட்ட திருத்தத்தின் பக்கத்தைத் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஆறு வரிதான். என்ன திகதி, என்ன இருந்தது, என்ன இருந்திருக்க வேண்டும், யார் எழுதியது. இதனால்தான் பிழைத்தது என்று சாட்டு ஒன்றும் எழுதக் கூடாது. அது எங்கள் குழுவின் வழக்கம்.

‘எங்கள்’ குழு என்று எழுதிவிட்டேன். ஓம் அம்மம்மா, சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் எழுதுவதைச் சரிபார்க்கிற வேலையை எனக்குத் தந்திருக்கிறார்கள்.

இன்றைக்கும் நான் உங்கள் பேத்திதான். அந்தப் பெருமை எனக்குக் குறையவில்லை.

தர்சிகா


கோணேசர் துணை

திருகோணமலை
21.11.2024

பொறுப்பாளர் தர்சிகாவுக்கு,

உன்னைச் சேர்த்துக்கொண்ட அந்தப் பிள்ளைகள் நூறு வயது இருக்க வேண்டும். இந்த முறை ஊரில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. அதற்கு முதல் எனக்கு ஒரு வேலை இருந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் ஸல்ஹாவைக் கூட்டிக்கொண்டு ஐஸ் வாடிக்குப் போனேன். வழியில் அவளுக்கு எல்லாம் சொன்னேன். பாதி வழியில் நின்று அழுதாள். “என்ர தங்கச்சியிட கலியாணத்துக்கு வெளிக்கிட்டதாலயோ அக்கா?” என்றாள். வீரக்குட்டி அண்ணைக்கு முன்னால் நின்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் சாக்கை உதறி மடித்துக்கொண்டே கேட்டார். பிறகு, என் காது தெரிந்தவர்தானே, வாடி முழுக்கக் கேட்கக் கத்தினார்:

“எனக்கென்னத்துக்கு இதைச் சொல்லுறாய்? எனக்குத்தான் தெரியுமே! தெரியாதவைக்குப் போய்ச் சொல்லு!”

சரிதானே பிள்ளை. தெரிந்த ஒரே ஆளிடம் போய்ச் சொல்லிவிட்டுப் பெரிய காரியம் செய்தேன் என்று நின்றேன்.

நேற்றுச் சங்கக் கூட்டம். டிலக்சனாவிடம் வெண்கட்டி வாங்கினேன். முழங்காலோடு கதிரையில் ஏற ஏலாது, எட்டிய மட்டும் எழுதினேன். நீ அனுப்பிய ஆறு வரியைப் போலவே. ‘2002 கார்த்திகையில் வள்ளம் போன அன்று காலை இந்தப் பலகையில் கடல் அமைதி என்றுதான் இருந்தது. அது முதல் நாள் காற்று. வாடை பலம் என்று இருந்திருக்க வேண்டும். வீரக்குட்டி அண்ணை பலகையைக் கேட்டுத்தான் போனார். பிறகு அழித்து மாற்றியது நான். யோகமலர்.’ சேலையையும் கலியாணத்தையும் எழுதவில்லை. அது சாட்டு.

அவர் கதவடியில் நின்றார். “நீயே வாசி” என்று கையைக் காட்டினார். நாற்பது பேருக்கு முன்னால் வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்காது. அதனால் பெரிதாகவே வாசித்திருப்பேன். “கடைசியைத் திருப்பி வாசி” என்றார். என் பெயரைத் திருப்பி வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் எழுந்து, தாங்கள் இருந்த வாங்கில் அவருக்கு இடம் விட்டார்கள். அவர் அதில் இருக்கவில்லை. வெளியே இறங்கிப் போய்விட்டார்.

இன்று விடிய எனக்கு வீட்டில் இருக்க ஏலவில்லை, சங்கத்துக்குப் போனேன். டிலக்சனா என் எழுத்தை அழிக்கவில்லை. கீழே மிச்சம் கிடந்த நாலு விரல் இடத்தில் இன்றைய காற்றைச் சின்னதாக எழுதியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் யாரோ வந்து நின்றது தெரிந்தது. திரும்பினேன். வீரக்குட்டி அண்ணை, தோளில் ஐஸ் சாக்கு. என்னவோ கேட்டார். காதில் விழவில்லை, வாயசைவில் பிடித்தேன்.

“இண்டைக்கு என்ன போட்டிருக்கு, தங்கச்சி?”

“வாடை கூடும், அண்ணை. கடல் கொஞ்சம் கொந்தளிப்பு” என்று வாசித்தேன்.

தலையாட்டினார். பிறகு வெளியே போய் நின்று, அண்ணாந்து வானத்தையும் ஒருக்கால் பார்த்துக்கொண்டார்.

அன்புடன்,
அம்மம்மா